வேகமான வில்லா, அடங்கி நிற்கும் வில்லா?

போன மாதம் கடலூரிலிருந்து அக்கா போன் செய்தார். "தம்பி, பாப்பா ரெண்டு வில்லு படம் அனுப்பியிருக்கா, பாத்தியா? ஒண்ணு 340-ன்றாங்க, இன்னொண்ணு 318-ன்றாங்க. வெல ஏறக்குறைய ஒண்ணுதான். அப்ப 340-ஐயே வாங்கிடலாம் இல்ல?"

பாப்பா என்று வீட்டில் சொன்னாலும் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. இரண்டு வருடம் ரிகர்வ் என்ற, நுனி வளைந்த சாதாரண வில் பழகினாள், இப்போது முனைகளில் சக்கரம் மாட்டிய காம்பவுண்டுக்கு மாறுகிறாள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது என்று அறிவித்ததிலிருந்து இந்தப் பக்கம் திரும்பும் பிள்ளைகள் அதிகம். 2023-இல் அதிதி சுவாமி பெர்லினில் உலகச் சாம்பியன் ஆனதையும் அவள் மறக்கவில்லை. வில் மட்டுமே லட்சத்தைத் தாண்டும். ஆகவே அக்காவுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் புதுச்சேரிக்கு வரச் சொன்னேன். அரியாங்குப்பம் பக்கம் நாங்கள் பழகும் தென்னந்தோப்பில் இந்த இரண்டு ரக வில்லும் நண்பர்களிடம் இருந்தன. எய்து பார்த்துவிட்டே முடிவு செய்யலாம் என்று நினைத்தேன்.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடுவோம். 340 என்றால் விநாடிக்கு 340 அடி. பொய் இல்லை. ஆனால் எப்படி அளந்தது? 70 பவுண்டு இழுவிசை, 30 இன்ச் இழுப்பு நீளம், 350 கிரெயின், அதாவது சுமார் 23 கிராம் எடையுள்ள அம்பு. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் போட்டிகளில் காம்பவுண்டுக்கு 60 பவுண்டுதான் உச்சவரம்பு. அதாவது அந்த எண் பிறந்த நிலையில் வில்லைப் போட்டிக்கே கொண்டுபோக முடியாது. பாப்பாவுக்கு இழுப்பு நீளம் 27 இன்ச், அவள் போய்ச் சேர வேண்டிய இழுவிசை 50 பவுண்டு. இழுப்பு ஒரு இன்ச் குறைந்தால் சுமார் 10 அடி வேகம் குறையும் என்பது வில்லாளிகள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் 340-ம் சரி, 318-ம் சரி, அவள் கையில் வரப்போவதில்லை. 22 அடி வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய அப்படியே வரும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

சாதாரண வில்லை இழுக்க இழுக்க கனம் ஏறிக்கொண்டே போகும். முழுதாக இழுத்து நிற்கும் இடத்தில்தான் அதிகக் கனம். இழுத்த தூரத்தைக் கீழ்க்கோட்டிலும் கனத்தை நிமிர்ந்த கோட்டிலும் வைத்து வரைந்தால் ஏறக்குறைய ஒரு முக்கோணம் வரும். அதன் பரப்புதான் வில்லில் சேரும் ஆற்றல். பாப்பாவின் 36 பவுண்டு ரிகர்வில் அது சுமார் 34 ஜூல். 1960-களில் அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன், வில்லின் நுனிகளை அறுத்துவிட்டு மையம் தப்பிய சக்கரங்களை மாட்டினார். 1966-இல் விண்ணப்பித்தார், 1969-இல் காப்புரிமை கிடைத்தது. அந்தச் சக்கரம்தான் இன்றைக்கு முட்டை வடிவமாகி, கேம் என்ற பெயரில் வில்லின் இரு முனையிலும் உட்கார்ந்திருக்கிறது. அது செய்வது ஒன்றுதான்: முக்கோணத்தை மேடாக மாற்றுவது. கனம் சட்டென்று உச்சத்துக்கு ஏறி, அங்கேயே கொஞ்ச தூரம் நின்று, கடைசியில் பள்ளத்தில் இறங்கிவிடும். மேட்டின் பரப்பு முக்கோணத்தைவிட மிகவும் பெரிது, பிடித்து நிற்கும் கனமோ சிறிது. கடைசியில் கனம் குறையும் அந்த அளவுக்கு லெட்-ஆஃப் என்று பெயர். 50 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு லெட்-ஆஃப் என்றால் குறிபார்த்து நிற்கும்போது விரலில் 10 பவுண்டுதான்.

சரி, இரண்டு வில்லுக்கும் வருகிறேன்.

முதல் வில், அதாவது 340 போட்டது, 32 இன்ச் நீளம். நாணுக்கும் கைப்பிடிக்கும் இடைவெளி, பிரேஸ் ஹைட் என்கிறார்களே, அது 6 இன்ச். இரண்டாவது 38 இன்ச் நீளம், பிரேஸ் ஹைட் ஏழே கால். இழுப்பு நீளத்தைக் கைப்பிடிக்கு ஒன்றேமுக்கால் இன்ச் முன்னாலிருந்து அளப்பது வழக்கம். அதையும் பிரேஸ் ஹைட்டையும் கழித்தால், பாப்பாவின் 27 இன்ச் இழுப்பில் நாண் அம்பைத் தள்ளும் தூரம் முதல் வில்லில் 19¼ இன்ச், இரண்டாவதில் 18 இன்ச். ஒன்றேகால் இன்ச் கூடுதல் தள்ளல். இது வேகத்துக்கு ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கேமின் வடிவம். வேகத்துக்காகச் செய்த கேம் உச்சக் கனத்துக்குச் சீக்கிரமே ஏறிவிடும், கடைசி வரை அங்கேயே நிற்கும், பிறகு செங்குத்தாக விழும். மேடு ஒரு சுவர் மாதிரி. இதமான கேமில் ஏற்றமும் சரிவு, இறக்கமும் சரிவு. உச்சக் கனம் இழுப்பு முழுவதும் நின்றால் வரும் பரப்பை நூறு என்று வைத்தால், கடுமையான கேம் 80-ஐ எடுத்துக்கொள்கிறது, இதமானது 72-ஐ எடுத்துக்கொள்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 50 பவுண்டில் முதல் வில்லில் 87 ஜூல் சேர்கிறது, இரண்டாவதில் 73 ஜூல்.

சேர்ந்த ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போகாது. நாணும், கேம்களை இணைக்கும் கேபிளும், கேமும், வில்லின் வளையும் கையான லிம்பின் நுனியும் அம்போடு சேர்ந்து ஓடுகின்றன. அவை எல்லாம் சேர்ந்து அம்பின் முதுகில் 90 கிரெயின் எடை ஏறி உட்கார்ந்த மாதிரி என்று வைத்துக் கணக்குப் போடலாம், உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 350 கிரெயின் அம்பென்றால் முதல் வில்லிலிருந்து விநாடிக்கு சுமார் 256 அடி, இரண்டாவதிலிருந்து 235 அடி. விளம்பர எண்ணில் இருந்த வித்தியாசம் 22, இங்கே 21.

இப்போது இந்த 21 அடியால் அவளுக்கு என்ன லாபம்?

காம்பவுண்ட் போட்டி 50 மீட்டரில். பலகையின் குறுக்களவு 80 செ.மீ., பத்து மதிப்பெண் வட்டம் 8 செ.மீ. அம்பு அங்கே போய்ச் சேர 256 அடி வேகத்தில் 0.64 விநாடி, 235 அடியில் 0.70. அதற்குள் புவியீர்ப்பு முதல் அம்பை 2 மீட்டரும் இரண்டாவதை 2.4 மீட்டரும் கீழே இழுக்கும். கேட்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரியும். ஆனால் தூரம் 50 மீட்டர் என்று முன்னாலேயே தெரியும், குறிபார்க்க வில்லில் மாட்டும் சைட்டை அதற்கேற்பக் கீழே இறக்கி வைத்துவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில்தான் குத்தும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, அதில் ஒரு மீட்டர் தப்பினால்தான் வேகம் கைகொடுக்கும். அப்போதும் எவ்வளவு தெரியுமா? மெதுவான அம்பு 4.8 செ.மீ. தப்பும், வேகமானது 4 செ.மீ. ஒரு செ.மீ.கூட இல்லை. இந்தக் கணக்கை நோட்டில் போட்டு முடித்தபோது பாப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அவ்ளோதானா மாமா?" என்றாள்.

இந்த வேக எண்கள் யாருக்காக எழுதப்படுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வில்லால் வேட்டையாடுகிறவர்களுக்காக. மான் எத்தனை கெஜத்தில் நிற்கிறது என்று காட்டில் கணிக்க வேண்டியவருக்கு வேகம் உதவும், தைத்துப் போகும் ஆற்றலும் வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தேவையே இல்லை. நாம் குத்துவது ஃபோம் பலகையை. யானையைத் தைத்து, புலியைத் தைத்து, மான், பன்றி எல்லாம் தாண்டி உடும்பில் போய் நின்றதாகச் சொல்லும் வல்வில் ஓரியின் அம்பு நமக்கு எதற்கு?

தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வில்லை 44 பவுண்டுக்கு இறக்கித்தான் அவள் கையில் கொடுத்தேன். இழுக்கத் தொடங்கினாள். பாதி வரை தோள் காதுக்கு ஏறியது, கடைசி இரண்டு இன்ச்சில் கனம் சரேலென்று விழுந்தது. முழங்கை பின்னால் குதித்தது. குறி பார்த்தாள். நான்கு விநாடி, ஐந்து விநாடி. முதுகுத் தசை ஒரு கடுகளவு தளர்ந்ததுதான் தாமதம், நாண் அவளை முன்னால் பிடுங்கியது. நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவி பூட்டில் இருந்ததால் அம்பு போகவில்லை. ஆனால் அவள் முகம் வெளுத்துவிட்டது. கனம் இறங்கி நிற்கும் அந்தப் பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் வேலி (valley) என்று பெயர். கடுமையான கேமில் அது ஒரு விரற்கடை அகலம்தான். இதமான கேமில் தாராளமாக இருக்கும், கொஞ்சம் அசைந்தாலும் வில் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வில்லை அதே 44-இல் இழுத்தாள். தோள் கீழேயே இருந்தது. அம்பு போனபோது ஒரு மெல்லிய 'தப்' மட்டும். மூன்றாவது அம்பிலேயே சிரித்துவிட்டாள்.

இந்த இடத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு விளக்கத்தோடு நான் உடன்படவில்லை. பிரேஸ் ஹைட் குறைவான வில்லில் அம்பு நாணோடு அதிக நேரம் இருக்கிறது, அதனால்தான் கைத்தவறு அதிகம் தெரிகிறது என்பார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் வில்லில் தள்ளும் தூரம் கூட, ஆனால் தள்ளலும் பலமானது. இரண்டிலும் அம்பு நாணில் இருக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் 12, 13 பங்குதான், ஏறக்குறைய ஒன்றே. தவறு தெரிவது வேறு காரணங்களால். குட்டை வில் கையில் சுலபமாகத் திரும்பும், நீண்ட வில் தன் கனத்தாலேயே திரும்ப மறுக்கும். குட்டை வில்லில் நாண் முழு இழுப்பில் கூர்மையான கோணத்தில் மடங்கும், அதனால் மூக்கு நுனியில் நாணைத் தொட்டு நிற்பதும் நாணில் பொருத்திய பீப் என்ற சின்னத் துளை வழியாகப் பார்ப்பதும் இசைவாக அமையாது. 6 இன்ச்சில் நாண் முன்கைக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது.

உழைப்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வில்லில் சேரும் ஒவ்வொரு ஜூலும் எய்பவர் போட்டது. தகுதிச் சுற்றில் 72 அம்பு. ஒவ்வொன்றுக்கும் 14 ஜூல் கூடுதல் என்றால் மொத்தம் சுமார் 1000 ஜூல். பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து பத்து லிட்டர் தண்ணீர் ஒரு முறை இறைக்கும் வேலை, அவ்வளவுதான். அது யாரையும் களைக்க வைக்காது. களைக்க வைப்பது, உச்சக் கனம் இழுப்பின் எந்த இடத்தில் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பது. தோள்மூட்டு பலவீனமான கோணத்தில் இருக்கும்போதே கடுமையான கேம் முழுக் கனத்தையும் அதன்மேல் வைத்துவிடுகிறது. இதை நான் என் உடம்பில் அனுபவித்தவன். முதல் காம்பவுண்டை வாங்கியபோது கடைக்காரர் ஒருவர் என் இழுப்பு நீளத்தைக்கூட அளக்காமல், வேக எண்ணைக் காட்டி 70 பவுண்டு வில்லைக் கொடுத்தார். எட்டு மாதம் வலது தோளைத் தூக்க முடியாமல் இருந்தேன். தலை வாரக்கூட இடது கைதான். பாப்பாவுக்கு அது வரக்கூடாது என்பதுதான் என் முதல் கவலை.

அடுத்து அம்பின் எடை. வில்லைப் போலவே இதுவும் முக்கியம், ஆனால் வாங்கும்போது யாரும் பேசுவதில்லை. இரண்டாவது வில்லின் 73 ஜூலை வைத்து மூன்று அம்புகளைப் பாருங்கள். 300 கிரெயின் அம்பு 249 அடி வேகத்தில் போகும், எடுத்துச் செல்வது 56 ஜூல். 350 கிரெயின் 235 அடியில் போகும், 58 ஜூல். 420 கிரெயின் 218 அடிதான், ஆனால் 60 ஜூல். வேகம் குறையக் குறைய ஆற்றல் கூடுகிறது! கனமான அம்பு வில்லிலிருந்து அதிகமாகக் கறந்துகொள்கிறது. இலேசான அம்பு விட்டுவைக்கும் மிச்சம் அதிர்வாகவும் சத்தமாகவும் லிம்பிலும் நாணிலும் இறங்கும். அதனால்தான் ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் குறைந்த அம்பை மாட்டாதே என்கிறார்கள், 50 பவுண்டுக்கு 250 கிரெயின். அம்பே இல்லாமல் நாணை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம், லிம்ப் பிளந்துவிடும். புதிதாய்ப் பார்க்க வருகிறவர்கள் வில்லைக் கையில் வாங்கியதும் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

நம் ஊருக்கு அம்பின் எடை இன்னொரு வகையிலும் முக்கியம். கடலூரோ புதுச்சேரியோ, பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். தேவனாம்பட்டினத்திலிருந்து கிளம்பும் காற்று மஞ்சக்குப்பம் வரை வந்து கொடியை விறைக்க வைக்கும். வேகமான அம்பு காற்றில் குறைவாக ஒதுங்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. அம்பு எவ்வளவு ஒதுங்கும் என்பது பறக்கும் நேரத்தை மட்டும் பொறுத்ததல்ல. காற்றுத் தடையே இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் எடுத்திருக்குமோ அதைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. இலேசான, தடித்த அம்பு வில்லை விட்டதும் பறந்தாலும் வழியிலேயே வேகத்தை இழக்கும், தாமதம் கூடும். ஒல்லியாகவும் கனமாகவும் இருக்கும் அம்பு மெதுவாகக் கிளம்பினாலும் கிளம்பிய வேகத்தை விடாது. ஆக, காற்றுக்காக வேகமான வில் வாங்குவதைவிட ஒல்லியான நல்ல அம்பு ஒரு டஜன் வாங்குவது மேல் என்பது என் கருத்து. வேகம் காட்டத் தடித்த இலேசான அம்பை மாட்டிக் கொடுப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பராமரிப்பில் இரண்டு வில்லுக்கும் பெரிய பேதம் இல்லை, ஆனால் கடுமையான கேமில் கோளாறு சீக்கிரம் தெரியும். இரண்டு கேமும் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைத்தால் நாணும் கேபிளும் நீளும், ஒரு கேம் முந்தும், அம்பின் வால் மேலோ கீழோ ஆடிக்கொண்டு போகும். உப்புக்காற்றில் கேம் சுற்றும் ஆக்சிலும் பேரிங்கும் துரு ஏறும், எய்து முடித்ததும் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் வேண்டும். நாணை மாற்ற பிரஸ் என்ற கருவி வேண்டும். கையால் முடியாது, முயலவும் கூடாது. பக்கத்தில் யாரிடம் பிரஸ் இருக்கிறது என்று விசாரித்த பிறகே எந்த வில்லுக்கும் பணம் கட்டுங்கள்.

அப்படியானால் 340 வில் யாருக்குமே வேண்டாமா? வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தூரம் சொல்லாமல் நடத்தும் முப்பரிமாணப் பொம்மைப் போட்டிகளில் மூன்று நான்கு மீட்டர் கணிப்புத் தப்பும்போது வேகம் கொஞ்சம் காப்பாற்றும். அப்புறம், இதுதான் பலர் கவனிக்காதது, சின்னப் பிள்ளைகள். 25 இன்ச் இழுப்பும் 40 பவுண்டும் உள்ள பிள்ளைக்கு அந்த இரண்டாவது வில்லைக் கொடுத்தால் தள்ளும் தூரம் 16 இன்ச்தான். அதே 350 கிரெயின் அம்பு 200 அடியைக்கூட எட்டாது. 50 மீட்டருக்கு சைட்டை இறக்கிக்கொண்டே போனால் அம்பின் பாதையிலேயே சைட்டின் லென்ஸான ஸ்கோப் வந்து நிற்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொஞ்சம் வேகமான கேமும், பிரேஸ் ஹைட் குறைந்த, ஆனால் நீளம் குறையாத வில்லும் சரியான தேர்வு. வேகம் அங்கே அலங்காரம் இல்லை, தேவை. நீண்ட கை உள்ளவருக்கு வேகம் தானாகவே வந்துவிடும், அவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பாப்பா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாள். 27 இன்ச், 50 பவுண்டு என்றால் இதமான கேமிலேயே 50 மீட்டர் எளிதாக எட்டும், சைட்டிலும் இடம் மிச்சம் இருக்கும். ஆகவே 38 இன்ச் வில்லைத்தான் சொன்னேன். லெட்-ஆஃபை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதாக, 80-இல் வைக்காமல் 70 பக்கம் வைத்து. கையில் 15 பவுண்டு நின்றால்தான் குறி ஊசலாடாமல் நிற்கும். 10 பவுண்டில் வில் மிதக்கிற மாதிரி இருக்கும், இதமாகத் தெரிந்தாலும் குறி அலையும். மிச்சப் பணத்தில் ஒல்லியான அம்பு ஒரு டஜனும் உபரி நாண் ஒரு ஜோடியும் வாங்கச் சொன்னேன்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. பஸ் ஏறும்போதும் கேட்டார்: "அப்ப அந்த இருவது அடி போனது போனதுதானா தம்பி?"

போகவில்லை அக்கா என்றேன். 50 பவுண்டு லிம்ப் வாங்குகிறோம், லிம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி 44-இல் தொடங்குகிறோம். அங்கே அம்பு 220 அடியில் போகும். 72 அம்பும் ஒரே தோளோடு எய்ய முடிகிற நாளில் இரண்டு போல்ட்டையும் கால் சுற்று முறுக்குவோம். பிறகு இன்னொரு கால் சுற்று. 50-ஐத் தொடும்போது 235. அந்த 15 அடியை அவளே தன் முதுகால் சம்பாதித்திருப்பாள். முதல் கால் சுற்று பொங்கலுக்கு என்று பாப்பா இப்போதே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.